ஒரு நாள் வாடகை



விடுமுறை வந்துவிட்டால் உங்கள் இல்லத்திலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கும். “மலைக்குப் போய் வரலாமே” என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். செலவை எண்ணிப் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். செக்காலையில் எங்கள் வீட்டில் இவ்வாண்டு அந்தப் பேச்சைக் கிளப்பியது ஒரு கடிதம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வியட்நாமில் பணி புரிகிறார். அந்நாட்டின் தா லாட் என்னும் மலை நகரத்தை, வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் முழுவதும் சுற்றி வந்ததை அவர் எழுதியிருந்தார். 1893இல் எர்சென் என்ற மருத்துவர் சென்று பார்த்த பீடபூமியில், பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய ஊர் அது.

வியட்நாம் நம் செட்டிநாட்டுக்கு அந்நிய தேசமன்று. சைகோனுக்கு நகரத்தார் கொண்டுவிற்கச் சென்றனர்; தமிழ் முஸ்லிம்களும் வணிகத்திற்காகச் சென்றனர். 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது.

கடிதத்தைப் படித்த என் மூத்த மகன், “அத்தா, வியட்நாம் நமக்கு எட்டாது, கொடைக்கானல் எட்டுமே” என்றான். இருபது வயது; ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. மலைப்பாதை என்றதும் அவன் தாயாரின் முகம் வாடியது. “இருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும், பொழுது சாய்வதற்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்” என்ற இரண்டு நிபந்தனைகளோடு விடை கொடுத்தார்.

மதுரை வழியாகப் பேருந்திலேயே சென்றோம். வெளியூர் வாகனங்கள் கொடைக்கானலுக்குள் நுழைய இ-பாஸ் பெறும் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. பேருந்துப் பயணிக்கு அந்தக் கவலை இல்லை.

மறுநாள் காலை முதலில் பார்த்த வண்டியை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாடகை குறைவுதான், ஆனால் எண் பலகை வெள்ளை நிறத்தில் இருந்தது. நாமே ஓட்டிச் செல்ல முறையாக அனுமதி பெற்ற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகை கிடைப்பது சிக்கலாகிவிடும். மகனுக்கு மனத்தாங்கல். அரை மணி நேரம் அலைந்த பின்பே முறையான வண்டி கிடைத்தது. வாடகை 600 ரூபாய், முன்பணம் 1,000 ரூபாய்.

ஏரியைச் சுற்றி வந்தோம். இயற்கையாக அமைந்ததைப் போல் தோன்றும் அந்த ஏரி, மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863இல் உருவானது. அடுத்துத் தூண் பாறை. ஏறத்தாழ 400 அடி உயரம் என்கிறார்கள்; நாங்கள் போனபோது மேகம் மூடி, ஓரடி கூடத் தெரியவில்லை. காத்திருந்தோம். மூடுபனி விலகிய சில நொடிகளில் அந்தப் பாறைகள் தெரிந்தபோது, அங்கிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வானாய்வுக் கூடத்தின் வழியே செல்கையில் அதன் வரலாற்றை மகனுக்குச் சொன்னேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கை அறியலாமோ என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1899இல் இக்கூடம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1909இல் எவர்ஷெட் என்ற அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். வானம் பார்த்த சீமையில் பிறந்த நமக்கு, மழையைத் தேடிச் சூரியனைப் பார்த்தவர்களின் கதை நெருக்கமானதல்லவா?

அங்கிருந்து பூம்பாறை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊர்களில் ஒன்று. படிப்படியாக இறங்கும் வயல்களைப் பார்த்தபடி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். பின்னர், வயல்கள் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று, வண்டியைச் சரளைக் கற்கள் மீது திருப்பச் சொன்னேன். “வழுக்கும் அத்தா” என்றான். “மெல்லத் திருப்பு” என்றேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும், அல்ஹம்து லில்லாஹ். வண்டியின் முன்புறச் சைகை விளக்கு விரிசல் விட்டிருந்தது.

திரும்பும் வழியில் என் மனம் ஓயவில்லை. வாடகைக்கு எடுத்த பொருள் நம் கையில் அமானிதம். நம் கவனக்குறைவோ வரம்பு மீறலோ இன்றிச் சேதமானால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் சட்ட நூல்கள் சொல்லும் விதி. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் ஓதிக் கொடுக்கும் பாடம் அது. அந்த விதி இப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது! சரளையில் திருப்பச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் மனம் விட்டுவிட்டது.

கடையை நெருங்கும்போது மகனிடம் தாழ்ந்த குரலில், “இடப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்து” என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. விரிசல் விட்ட விளக்கு உரிமையாளரின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி நிறுத்தினான். “அண்ணே, பூம்பாறையில் வண்டி சாய்ந்துவிட்டது. எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்” என்றான்.

அவர் குனிந்து பார்த்தார். கணக்கிட்டு 350 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். பிறகு, “சேதமான பக்கத்தைச் சுவரோரம் மறைத்து நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், தம்பி” என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் தலை நிமிரவில்லை.

பேருந்தில் வெகு நேரம் கழித்து மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் சொல்லித் தந்ததுதானே, அத்தா” என்றான்.

வாசகர்களே, மலைக்குச் சென்று வண்டி எடுப்பவர்களுக்குச் சில சொற்கள். எண் பலகையின் நிறத்தைப் பாருங்கள். எடுக்கும்போதே வண்டியின் நான்கு பக்கங்களையும் உரிமையாளரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். பழைய கீறல் உங்கள் கணக்கில் சேராது. குறுகிய பாதையில் மேலே ஏறி வரும் வாகனத்திற்கு, இறங்குபவரே வழி விட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும்.

திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பக்கத்தைக் காட்டி நிறுத்துவது என்பதை, உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சொல்லித் தந்து மறந்தவை அவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் சந்திப்போம்.