புளூகிராஸ்: கடன் பெற்ற பாடல்களும் கணக்கில் வராத கடன்களும்

புளூகிராஸ் என்னும் பெயரைக் கேட்டவுடன் அப்பலாச்சிய மலைச்சரிவு, மரவீட்டுத் திண்ணை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பாட்டு என்றொரு சித்திரம் மனத்தில் எழுவது வழக்கம். இச்சித்திரத்தை நம்புவோர், ஒரு புளூகிராஸ் குழு ராக் பாடலையோ புதிய கன்ட்ரி பாடலையோ எடுத்துப் பாடும்போது முகம் சுளிக்கின்றனர். மரபு நீர்த்துப்போகிறது என வருந்துகின்றனர். எதிர்த்தரப்பினரோ அதையே திறந்த மனத்தின் அடையாளம் எனக் கொண்டாடுகின்றனர். இரு தரப்பினரும் செய்யும் பிழை ஒன்றே. இந்த இசைக்கெனத் தூய பாடல் தொகுதி ஒன்று முதலில் இருந்தது, வெளியார் பாடல்கள் பின்னர்தான் வந்து சேர்ந்தன என்று இருவருமே எண்ணிக்கொள்கின்றனர். நிகழ்ந்தது அதுவன்று.

கென்டக்கி மாநிலத்தின் ரோசீன் என்னும் சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்ரோவே இவ்விசையின் தந்தை என அழைக்கப்படுபவர். 1939இல் நாஷ்வில் நகரத்து வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் அவர் இடம்பெற்றபோது பாடியது ‘மியூல் ஸ்கின்னர் புளூஸ்’. அது அவருடைய பாடலன்று. கன்ட்ரி இசையின் முதற்பெரும் நட்சத்திரமான ஜிம்மி ராஜர்ஸ் 1930இல் ஒலிப்பதிவு செய்தது. ராஜர்ஸ் கிதாரை மீட்டியபடி நிதானமாகப் பாடியதை, மன்ரோ தம் குழுவுடன் விரைவு கூட்டி, குரலை உச்சத்துக்கு ஏற்றிப் பாடினார். ஒரு வகைமையின் முதல் மேடையே இன்னொருவர் பாடலின் மீது எழுந்தது எனில், பிற பாடல்களை ஏற்பது பிற்காலத்தில் நேர்ந்த சலுகை என எவ்வாறு கூற இயலும்?

மொழியியலில் கடன்சொல் பற்றிப் பேசும்போது தெளிவாகும் செய்தி ஒன்று இங்கும் பொருந்தும். ‘ரயில்’ ஆங்கிலச் சொல். ‘ரயிலில் ஏறினான்’ என்பது தமிழ்த்தொடர். சொல் எங்கிருந்து வந்தாலும் அதன்மேல் ஏறும் உருபும் தொடரமைப்புமே மொழியைத் தீர்மானிக்கின்றன. புளூகிராஸுக்கும் அத்தகைய இலக்கணம் ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் முரசு இராது. அந்த வேலையை மாண்டலின் செய்கிறது, இரண்டாம் நான்காம் தட்டுகளில் தந்திகளை வெட்டினாற்போல் அடித்து. முதல் மூன்றாம் தட்டுகள் பாஸுக்கு உரியவை. அவற்றின் மேல் பாஞ்சோவின் மூவிரல் சுழற்சி இடையறாது ஓடும். இதை முழுமைப்படுத்திய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 இறுதியில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தார். அடிகளுக்கிடையே ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின் ஆகியவை முறைவைத்துத் தனித்து முன்வரும். தலைமைக் குரலுக்கு மேலே கூர்மையான இன்னொரு குரல் நிற்கும். இவ்வமைப்புக்குள் நுழையும் பாடல் எதுவாயினும் சிறிது காலத்தில் புளூகிராஸ் பாடலாகிவிடுகிறது.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அன்று. மன்ரோ தாமே எழுதிய ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ முதலில் மூன்று தட்டுகள் கொண்ட வால்ட்ஸ் நடையில் அமைந்தது. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி அதை நான்கு தட்டு நடைக்கு மாற்றி, துள்ளலுடன் ஒலிப்பதிவு செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மன்ரோ தம் பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, பழைய வால்ட்ஸில் தொடங்கி நடுவே எல்விஸின் நடைக்குத் தாவினார். தம் சொந்தப் பாடலின் வேற்று வடிவத்தையே அவர் கடனாகப் பெற்றார்! தூய்மை காப்போர் இவ்விரண்டாம் பதிவைக் குறித்து அதிகம் பேசுவதில்லை.

பிற்காலச் சான்றுகளுக்குக் குறைவில்லை. ஜிம் அண்டு ஜெஸ்ஸி 1965இல் சக் பெர்ரியின் பாடல்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். பிரித்தானியப் பாப் குழுவான மான்ஃப்ரெட் மான் 1968இல் புகழ்பெறச் செய்த ‘ஃபாக்ஸ் ஆன் தி ரன்’ இன்று புளூகிராஸ் கூடல்களில் மலைநாட்டுப் பழம்பாடல் போலவே ஒலிக்கிறது. ஆயினும் ஆராயத் தகுந்தது இன்னொன்று. ஆங்கிலேயரான ரிச்சர்டு தாம்சன் 1991இல் வெளியிட்ட ‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’ என்னும் பாடலில், கொள்ளைக்காரன் ஒருவன் இறக்கும் தறுவாயில் தன் பிரித்தானிய மோட்டார் சைக்கிளைக் காதலிக்குக் கொடுத்துச் செல்கிறான். 2001இல் டெல் மெக்கூரி குழு இதனைப் பாடியது. சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் அடுத்த ஆண்டுச் சிறந்த பாடல் விருதும் கிட்டியது. மெக்கூரி செய்த சிறு மாற்றம் ஒன்று: இங்கிலாந்தின் பாக்ஸ் ஹில் டென்னசியின் நாக்ஸ்வில் ஆயிற்று. வண்டியின் பெயரோ மாறவில்லை. சட்டத்துக்குப் புறம்பானவனின் காதலும் சாவும் அப்பலாச்சியக் கதைப்பாடல்களுக்குப் பழகிய பொருள்; ஆகவே கதைக்கு நுழைவுச்சீட்டு தேவைப்படவில்லை. ஊர்ப்பெயருக்கு மட்டுமே உருபு ஏற்ற வேண்டியிருந்தது.

எதிர்ப்பு எங்கே எழுந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். எவர்லி சகோதரர்களுக்குப் பாப் வெற்றிகள் எழுதித் தந்த பிரையன்ட் தம்பதியரின் ‘ராக்கி டாப்’ பாடலை ஆஸ்போர்ன் சகோதரர்கள் 1967இல் பாடினர். அது 1982இல் டென்னசியின் மாநிலப் பாடல்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஆஸ்போர்ன்கள் மீது மரபாளர் கொண்ட சினம் பாடல்களைப் பற்றியதன்று. அவர்கள் முரசையும் மின்னிசைக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டதைப் பற்றியது. சொற்கள் தாராளமாக நுழையலாம், இலக்கணத்தைத் தொடலாகாது என்பதே அச்சினத்தின் பொருள். இவ்விளக்கத்துக்குள் முற்றிலும் அடங்காத நிகழ்வும் உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் லெஸ்டர் ஃபிளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் பாப் டிலன் பாடல்களைப் பதிவு செய்தபோது ஸ்க்ரக்ஸ் மகிழ்ந்தார். ஃபிளாட்டுக்கு அவை ஒட்டவில்லை. 1969இல் இணை பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாஞ்சோ வாசிப்பவரின் விரல்களுக்குச் சொற்கள் சுமையல்ல. பாடுபவர் அவற்றைத் தம் வாயால் சொல்லியாக வேண்டும்.

இதுவரை சொன்னவை யாவும் பெயர் தெரிந்த கடன்கள்: பாடலாசிரியர் பெயர் இசைத்தட்டில் உண்டு, உரிமைத்தொகையும் உண்டு. ‘ஏற்பு’ என்னும் இனிய சொல் மறைத்துவிடும் கடன்கள் வேறு. பாஞ்சோ, அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் கருவி. ராஜர்ஸின் அந்தப் பாடலே கறுப்பின மக்களின் புளூஸ் வடிவில் அமைந்தது. இளமையில் மன்ரோ நடன நிகழ்ச்சிகளில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞருடன் வாசித்திருக்கிறார். அவரிடம் கற்றதை மன்ரோ பின்னாளில் தாமே சொல்லியுமிருக்கிறார். எனினும் ஃபிடில் வாசித்த தாய்மாமன் பென்னுக்கு மன்ரோவின் புகழ்பெற்ற பாடல் ஒன்று கிடைத்தது, ஷுல்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லாமல் அவர் 1931இல் இறந்தார். ஓப்ரியின் தொடக்கக்கால நட்சத்திரமான கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்டு பெய்லி, மன்ரோ அங்கே புளூஸ் பாடி இரண்டே ஆண்டுகளில், 1941இல், நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். உரிமச் சிக்கல் காரணமாகக் காட்டப்பட்டது. அவர் வாசித்து வந்த வகைப் பாடல்கள் அம்மேடையை விட்டு நீங்கவில்லை.

ஆகவே ‘புளூகிராஸ் எந்தப் பாடல்களை ஏற்கிறது?’ என்னும் வினா ஆய்வுக்கு அத்துணை பயனுள்ளதன்று. பாடல்களை அது எப்போதும் ஏற்றே வந்துள்ளது. பாடல்களுடன் யார் உள்ளே வந்தனர், யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதே கேட்கத்தக்கது. 2017இல் ராலே நகரில் நடந்த சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்க மாநாட்டின் முதன்மை உரையில் ரியானன் கிடன்ஸ் இதனையே அவையின் முன் வைத்தார். ஷுல்ட்ஸின் பெயரால் நிதியம் ஒன்று 2020இல் தொடங்கப்பட்டது. அவர் இறந்து அப்போது 89 ஆண்டுகள் ஆகியிருந்தன.