புரட்டாசி இரவு

சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை இரவில் மதுரையைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊர் தூங்காது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது புரட்டாசி இரவு. முகூர்த்தம் இல்லாமல் மண்டபங்கள் இருண்டு கிடக்கும். பல வீடுகளில் கவுச்சியை நிறுத்திவிடுவதால் பரோட்டாக் கல் பாதி நேரம் சும்மா காயும். நவராத்திரி தொடங்கும் வரை வெளியூர்க் கூட்டமும் குறைவு.

அப்படி ஒரு நாளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மீனாட்சி கோயிலுக்குப் போங்கள். சுந்தரேசுவரரின் திருப்பாதத்தைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மேளம் முழங்க அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுவருவார்கள். திருவிழாவில் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதை இங்கே பக்கத்தில் நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

வெளியே மாசி வீதிகளில் ஜவுளிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் ஷட்டரை இறக்கியிருக்கும். பூட்டிய ஒரு கடை வாசலில் இட்லிக்கார அம்மா அடுப்பை மூட்டியிருக்கிறார். தட்டைக் கவிழ்த்து, ஈரத்துணி மேல் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி பிய்யாமல் வருகிறது. கீழமாசி வீதியில் மூட்டை இறக்கிவிட்டு வந்த லோடுமேன் தட்டை நீட்டுகிறார்.

“இருங்கண்ணே, அடுத்த ஈடு இறக்கிர்றேன்.”

இந்தக் காட்சிக்கு வயது அதிகம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்த ஊரின் அல்லங்காடியை, அதாவது இரவுச் சந்தையைப் பாடுகிறது. இரண்டாம் யாமத்தில் பெரிய கடைகள் அடைக்கப்படுகின்றன. அடை விற்பவர்களோ பலகாரத்தோடு அங்கேயே கண்ணயர்கிறார்கள். மூன்றாம் யாமத்தில், மழை கொட்டினாலும் ஊர்க்காவலர்கள் தெருத் தெருவாகச் சுற்றி வருகிறார்கள்.

இன்று விதியில் நிலைமை தலைகீழ். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது. பிறகு நீட்டிக்கவும் பட்டது. தனி ஆளாக அடுப்பு வைத்திருப்பவருக்கு அதில் இடமில்லை. பதினொரு மணி ஆனதும் கடையை எடுக்கச் சொல்லும் குரலைப் பல இரவுகளில் கேட்டிருக்கிறேன். வியாபாரம் மந்தமான மாதத்தில் கடைசி ஈடு விற்றால்தான் மாவுக்குப் போட்ட காசு திரும்பும்.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். எந்தத் தெருவில், எத்தனை மணி வரை என்பதை அந்தக் குழுவில் இரவுக் கடைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யட்டும். பாதுகாப்புக்கு ரோந்தைக் கூட்டட்டும். தூங்கா நகரம் என்ற பெயரை வருஷம் முழுக்கக் காப்பாற்றி வருபவர்கள் இந்த இரவுக் கடைக்காரர்கள்தான். பிழைப்புக்குப் பயப்படாமல் அடுப்பு மூட்டும் உரிமையை இந்த ஊர் அவர்களுக்குத் தந்தாக வேண்டும்.