எந்தச் செயலி?

கணிப்பொறி வாங்க எண்ணும் மாணவத் தோழர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்டெல் நல்லதா, ஏ.எம்.டி. நல்லதா?" கேட்டவுடன் விடுதியிலே இரு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. ஒரு கட்சி இன்டெலுக்கு வாழ்த்துப் பாடுகிறது. மறு கட்சி ரைசனுக்குக் கொடி பிடிக்கிறது. கேட்டவரோ திகைத்து நிற்கிறார்.

அவர் கையிலுள்ள பணம் எத்தகையது? மூணாற்று மலையிலே கொழுந்து பறித்த கைகள் மிச்சம் பிடித்த பணம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலே பால் விற்றுச் சேர்த்த பணம். அந்த வீட்டுக்கு வரும் முதற் கணிப்பொறி அது. படிப்பு முடியும்வரை அது உழைத்தாக வேண்டும். அத்தகைய பணத்தை வெறும் பெயருக்குக் காணிக்கையாக்கலாமா? ஆகாது என்பதே என் கருத்து.

இன்டெல் 1968இல் தோன்றியது, ஏ.எம்.டி. 1969இல். 1981இல் இன்டெல் செயலியோடு கணிப்பொறியை வெளியிட்ட ஐ.பி.எம்., அச்செயலியைச் செய்துதர இன்னொருவரும் வேண்டுமென்றது. எனவே 1982இல் இன்டெல், ஏ.எம்.டி.யோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 2003இல் ஏ.எம்.டி. 64 பிட் முறையைக் கொணர்ந்தது. பின்னர் இன்டெலும் அதனை ஏற்றது. ஆகவே இரண்டும் அறிந்த மொழி ஒன்றே. விண்டோசும், கேரளப் பள்ளிகளில் நாம் பழகிய லினக்சும், தமிழ்த் தட்டச்சும் இரண்டிலும் ஓடும்.

வேறுபாடு பெயரில் இல்லை. பெயருக்குப் பின்வரும் எண்ணில் இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7640யு என்னும் இரண்டையும் பாருங்கள். மூன்றாம் இலக்கமே இரகசியம்! 2 என்பது 2019இல் வந்த சென் 2 அமைப்பு. 4 என்பது 2022இல் வந்த சென் 4. இன்டெல் மட்டும் இளைத்ததா? கோர் ஐ3 என்305இல் 8 கோர்கள்; ஐ3 1315யுவில் 6. எட்டே பெரிதென்று ஏமாறாதீர்! அந்த எட்டும் மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறு கோர்கள். ஆறிலோ இரண்டு வேகக் கோர்கள் உண்டு.

செயலியோடு கணக்கு முடிவதில்லை. 7520யு உள்ள மடிக்கணினியில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜி.பி. வாங்கிவிட்டுப் பின்னர் கூட்டிக்கொள்வோம் என்பது நடவாது. கட்டுரை எழுதவும் வகுப்புக் கேட்கவும் வேண்டுவோர்க்கு, ஒருபடி உயர்ந்த செயலியைவிட 16 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் பெரிதும் உதவும். படத்தொகுப்பும் பொறியியல் வரைபடமும் செய்வோரே செயலிக்குக் கூடுதலாகச் செலவிடலாம்.

பாலக்காட்டார் கோவைக்கும், இடுக்கியார் தேனிக்கும் சென்று வாங்குவதுண்டு. எல்லைக்கு இருபுறமும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடுதான். பழுதானால் மலையிறங்கிப் போய்வரும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்!

கட்சி கட்டுவோர்க்கு ஒரு சொல். 2007 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வீட்டுக் கணிப்பொறிகளுக்கான இன்டெலின் பொதுவகைச் செயலிகள் 4 கோரைத் தாண்டவில்லை. 2017இல் ரைசன் 8 கோர்களோடு வந்தது. அவ்வாண்டிலேயே இன்டெலும் ஆறுக்கு ஏறியது. போட்டியே நமக்குப் பொருள் தந்தது, பற்று அன்று. எதைத் தந்தாலும் வாங்குவோம் என்று நாம் உறுதி கூறிவிட்டால், நல்லதைத் தர அவர்களுக்கு என்ன கட்டாயம்?

நம் மன்றம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கட்டும். மூத்த மாணவர் புதியவரோடு அமர்ந்து, எண்களைப் படிக்கக் கற்றுத் தரட்டும். கொடி பிடிப்பதைவிட அதுவே நற்பணி.