கலாசாலையும் கம்பெனியும்

2024-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறு ராக்கெட் வானில் எழும்பியது. அதைச் செய்தது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ‘அக்னிகுல்’ என்னும் கம்பெனி. 2017-ல் தோன்றிய அக்கம்பெனி, ராக்கெட்டின் என்ஜினை முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கியிருந்தது. கலாசாலையில் பிறந்த அறிவு கைத்தொழிலாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. தரமணியிலுள்ள ஆராய்ச்சிப் பூங்காவில் இத்தகைய முயற்சிகள் பல நடைபெறுவது கண்டு நாம் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

ஆசிரியர்கள் வியாபாரத்தில் இறங்கலாமா என்று முகஞ்சுளிப்போர் சிலர் உண்டு. அவர்களுக்கு ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ரஸாயன சாஸ்திரம் போதித்த அப்பெரியார், 1892-ல் 700 ரூபாய் முதலுடன் மருந்து செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1901-ல் அது பெங்கால் கெமிக்கல் கம்பெனியாக மலர்ந்தது. படித்த வாலிபர்கள் உத்தியோகத்தையே நம்பித் திரியலாகாது, தேசம் அந்நியச் சரக்குக்குக் கையேந்தலாகாது என்பதே அவர் கொண்ட நோக்கம்.

ஆகவே, கலாசாலையும் தொழிற்சாலையும் கைகோத்தல் நன்றே. ஆனால் பலன் யாரைச் சேருகிறது என்பதைப் பொதுஜனங்கள் கவனித்தாக வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தின் கட்டிடமும் கருவியும் மாணவனின் உபகாரச் சம்பளமும் பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து வருபவை. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அந்த வரியைச் செலுத்துகிறான். அவன் பணத்தில் விளைந்த மருந்தை அவனே வாங்க முடியாத விலைக்கு விற்பது எந்த நியாயம்?

இன்ஸுலின் மருந்தின் சரித்திரம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. அதைக் கண்டுபிடித்த பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் 1923-ல் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டனர். சர்வகலாசாலை அதைப் பூட்டி வைக்கவில்லை. பெரிய மருந்துக் கம்பெனியுடன் கூடி உற்பத்தியைப் பெருக்கிற்று. எனினும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பல உற்பத்தியாளருக்கு அனுமதி தந்து, மருந்தின் தரத்தையும் பரிசோதித்தது. தொழிலும் வளர்ந்தது, ஏகபோகமும் தடுக்கப்பட்டது.

நம் தேசத்தில் இவ்விஷயத்திற்கென 2008-ல் ராஜ்ய சபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அமெரிக்கா 1980-ல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றிய அம்மசோதா, பலத்த ஆக்ஷேபத்துக்கு ஆளாகி 2014-ல் வாபஸ் பெறப்பட்டது. குறையுள்ள மசோதா போனதில் வருத்தமில்லை. அதனிடத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று வர வேண்டுமென்பதே நம் கோரிக்கை.

அதில் இன்னின்ன அம்சங்கள் அவசியம் என வற்புறுத்துகிறோம். பொதுப்பணத்தில் கண்ட காப்புரிமையைப் பெறும் கம்பெனி, குறித்த காலத்திற்குள் பொருளைச் செய்யாவிடில் உரிமை கலாசாலைக்கே திரும்ப வேண்டும். மருந்து, விவசாயம் முதலியவற்றில் நியாய விலை முன்கூட்டியே நிபந்தனையாக வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு, உடனே காசாகாத அடிப்படை ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும். கம்பெனியின் இரகசியத்திற்காக மாணவனின் ஆராய்ச்சிக் கட்டுரை முடங்கிக் கிடக்கலாகாது.

மேலும், இப்பாக்கியம் ஐ.ஐ.டி.க்கள் மட்டுமே அனுபவிப்பதாயிருத்தல் தகாது. ராஜ்ய சர்வகலாசாலைகளில் ஆசிரியர் பதவிகளைக் காலியாக விட்டுவிட்டு, அங்கே புதிய கம்பெனிகள் முளைக்குமென்று எதிர்பார்ப்பது, விதையாமல் அறுக்க நினைப்பதாகும்.

ராக்கெட் உயரப் பறக்கட்டும். நம் வாலிபர்கள் தொழிலதிபர்களாகட்டும். அவர்களை மனமார வாழ்த்துகிறோம். விதைநெல் கொடுத்த ஜனங்களுக்கு விளைச்சலிலும் பங்கு உண்டு என்பதைச் சர்க்காரும் கலாசாலைத் தலைவர்களும் மறவாதிருப்பார்களாக.