அண்ணாமலையார் கணக்கில் விடுப்பு உண்டா?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை வீடுகளில் ஒரே பேச்சுதான்: “இந்த மாசம் கிரிவலம் யார் யார் போறீங்க?” 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் வணங்கி வர, குறைந்தது நான்கு மணி நேரமாவது ஆகும். எல்லோரும் கிளம்பிய பிறகு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரோடோ கைக்குழந்தையோடோ ஒருத்தி வீட்டில் இருப்பாள். ‘நமக்கு மட்டும் கொடுத்து வைக்கலையே’ என்று அவள் மனசு அடித்துக்கொள்ளும்.

இந்தக் கவலைக்கு யூதர்கள் சட்டமாகவே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஆண்களுக்கு தினமும் மூன்று வேளைத் தொழுகை கடமை. ஆனால், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்ற சட்ட நூல், குறித்த நேரத்தில் ஓத வேண்டிய ‘ஷெமா’விலிருந்து பெண்களுக்கு விலக்கு தருகிறது. அதே நூல், பிரார்த்தனை பெண்களுக்கும் கடமை என்கிறது. அதாவது, கடிகாரத்துக்குத்தான் விடுப்பு, கடவுளுக்கு இல்லை. வீட்டில் இறந்தவரை இன்னும் அடக்கம் செய்யாதவருக்கும் விலக்கு உண்டு. ஒரு கடமையில் ஈடுபட்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் இன்னொரு கடமை இல்லை என்பது அவர்களுடைய பொது விதி.

நம் வீட்டிலும் துக்கம் என்றால் கோயிலுக்குப் போவதில்லை. ஆனால், நாம் அதை ‘போகக் கூடாது’ என்கிறோம். அவர்கள் ‘போக வேண்டியதில்லை’ என்கிறார்கள். இரண்டாவதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தாலே முக்தி என்பார்கள். நினைப்பதற்கு நடக்க வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். 16 வயதில் வீட்டை விட்டு வந்து இந்த மலையடியில் தங்கிய ரமணரே, 1922 மே 19 அன்று, உயிர் பிரியும் வரை தாய் அழகம்மாளின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு கை அம்மாவின் தலையில், இன்னொரு கை நெஞ்சில். துறவிக்கும் அன்றைக்கு அதுதான் கடமை.

ஆனால், ஒரு எச்சரிக்கை. விலக்கு மெல்ல ஒதுக்கலாகவும் மாறும். யூத மரபில் கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். பழமைவாதப் பிரிவினர் அந்தப் பத்தில் பெண்களை இன்றும் எண்ணுவதில்லை. சீர்திருத்தப் பிரிவினர் எண்ணுகிறார்கள். நம் வீட்டிலும், “நீ வீட்டைப் பார்த்துக்கோ, அதுவே புண்ணியம்” என்று மாதாமாதம் ஒருத்தியிடமே சொன்னால், அது விலக்கு இல்லை, வசதி.

ஆகவே, வீட்டில் இருக்கும் சகோதரிகளே, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும்போது அண்ணாமலையாரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. கிளம்பிப் போகிறவர்களே, அடுத்த பௌர்ணமிக்குக் கஞ்சிக் கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை அவங்களும் நடந்துட்டு வரட்டுமே!