ரூட்டுத் தலையா? ஆட்டு மந்தையா?

சென்னைக் கல்லூரி மாணவர்களில் ஒரு கூட்டத்தார் "பஸ் டே" என்னும் பேரால் நடத்தும் கூத்தையும், "ரூட்டு தல" என்று ஒருவனைத் தூக்கி வைத்து ஆடும் ஆட்டத்தையும் பற்றிப் பேச்சு வந்தால், "வயதுக் கோளாறு, இளரத்தம், போகப் போகச் சரியாய்விடும்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லுகின்றார்கள். இந்தச் சமாதானத்தைப் போன்ற கேடு வேறில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஓடும் பஸ்ஸின் கூரைமேல் ஏறி ஆடியவர்கள், டிரைவர் பிரேக் போட்டவுடன் மூட்டை சரிவதுபோல் ரோட்டில் சரிந்தார்கள். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸில் வந்த மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். போலீசார் "ரூட்டு தல"களைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். பலன் என்ன? 2024 அக்டோபரில் வேறொரு கல்லூரி மாணவர்கள் அடித்த அடியில் ஒரு மாணவன் செத்தே போனான். நிலத் தகராறா? பங்காளிச் சண்டையா? எந்தக் கல்லூரி பெரிது என்பதுதானே!

இதற்குப் பேர் வீரமாம்! வயதுதான் காரணமென்றால், அதே வயதுப் பெண்களும் அதே பஸ்ஸில் வருகின்றார்களே, அவர்களுக்கு ரத்தம் இல்லையா? தனியாய் வந்தால் மூலையில் சாதுவாய் உட்காருகின்றவன், பத்துப் பேர் விசில் அடித்தவுடன் கூரைமேல் ஏறுவானேன்?

2005-ல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களான கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 306 பேரை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள். திரையில் ஓடும் காரை, விளக்கு மஞ்சளான பின்னும் எவ்வளவு தூரம் விடுகின்றார்கள் என்று பார்த்தார்கள். சிறுவர்களும் 18 முதல் 22 வயதுள்ள வாலிபர்களும், சினேகிதர்கள் பக்கத்திலிருந்தால் தனியாயிருப்பதைவிட அதிகமாய்த் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாய்க் காணவில்லை. ஆகவே இதில் இளரத்தத்திற்கு உள்ள பங்கைவிட, பக்கத்தில் நின்று கைதட்டுகின்றவனுக்கு உள்ள பங்கு குறைந்ததல்ல. பிறத்தியான் விசிலுக்கு ஆடுவதற்கு வீரமென்று பேரில்லை. குரங்காட்டம் என்றுதான் பேர்.

நிற்க, இதில் கெட்டுப் போகின்றவன் யார்? காரில் வரும் சீமான் வீட்டுப் பிள்ளையா? திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் ஏறி வருகின்ற கூலிக்காரன் மகன்; அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் சர்க்கார் வேலைக்குப் போகும்போதும், பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போதும் அது வந்து குறுக்கே நிற்கும். கூரைமேல் ஏற்றிவிட்டவன் எவனாவது அன்றைக்கு ஜாமீனுக்கு வருவானா?

பெற்றோர்களே! "என் மகன்தான் தல" என்று பூரிக்காதீர்கள். கல்லூரி அதிகாரிகளே! வாசலுக்கு வெளியே நடப்பது நமக்கென்ன என்று கைகழுவாதீர்கள். மைதானமும் நீச்சலும் மேடைப் பேச்சும் கொடுத்துப் பாருங்கள், அந்தத் துடிப்பு எங்கே போகின்றதென்று தெரியும்.

மாணவத் தோழர்களே! பத்துப் பேர் "ஏறு" என்னும்போது ஏறுவதற்குப் புத்தி வேண்டியதில்லை. ஆட்டு மந்தைக்கும் அது முடியும். "எதற்காக ஏறவேண்டும்?" என்று கேட்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். அப்படிக் கேட்கின்ற ஒருவனே நிஜமான தலை, மற்றதெல்லாம் வால்தான்.