மைக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

நெல்லியாளத்தில் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். போன ஆடியில் அப்படியொரு மாலை. அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். இறந்தவர், இருப்பவர் என்ற பேதமில்லாமல் உலகத்துக் கலைஞர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு ராக் பேண்ட் அமைக்க வேண்டும். கிடாருக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸா, ஜெஃப் பெக்கா என்று அரைமணி நேரம் சண்டை. டிரம்ஸில் ஜான் பான்ஹம் போட்டியின்றி வென்றார். ஐந்து தாள், இருபத்தைந்து பெயர். அதில் பெண்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பாடகிகள்.

"என்னடா இது?" என்றேன்.

"அத்தை, இது அவங்கவங்க ரசனை. இதுலயுமா ஆம்பள பொம்பள கணக்கு?"

இதிலும்தான். என் இருபது வயதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் இப்படியொரு பட்டியல் எழுதியிருக்கிறேன். அதிலும் வாத்தியக்காரி ஒருத்தி இல்லை. பெண்ணொருத்தி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்று ரசனைக்குள் எப்படி வரும்?

பையன்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அது ஒரு கனவுக் குழுவின் பட்டியலாகவே தெரியும். ஆடலாசான், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை முழக்குகிறவன், குழல் ஊதுகிறவன், யாழ் மீட்டுகிறவன் என்று ஒவ்வொருவருக்கும் இளங்கோ தகுதி சொல்லிக்கொண்டே போகிறார். அத்தனை பேரும் ஆண்கள். நடுவில் மாதவி, ஆடுவதற்கு. அவளுக்கு யாழ் தெரியாதா என்ன? கானல்வரியில் கோவலன் யாழை வாங்கி வாசித்துப் பாடுகிறான். அவள் உட்கார்ந்து கேட்கிறாள். பிறகு அவள் வாங்கி வாசித்துப் பாடுகிறாள். அவ்வளவுதான், வேறொருவனை மனதில் வைத்துப் பாடினாள் என்று எழுந்து போய்விடுகிறான். காப்பியம் ஊழ்வினை என்கிறது. நான் இப்போதெல்லாம் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவன் பாடினால் கலை, அவள் பாடினால் வாக்குமூலம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறேன்.

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' எனக்கு மிகவும் பிடித்த குழு. சாதிக்கு எதிராகக் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாகக் கட்டியவர்கள். பிடித்ததால்தான் எண்ணிப் பார்த்தேன். 19 பேரில் பெண் ஒருவர், இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்து பாடியவர். அவர் குரலைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் விடுதலை பேசும் மேடையிலும் நமக்குக் கிடைத்தது மைக்தான். மைக் கொடுத்தாயிற்றே என்கிறார்கள். தாளம் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே பாட்டு எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கிறார்?

அமெரிக்காவின் கேரன் கார்ப்பென்டர் அடிப்படையில் டிரம்மர். கூட்டத்துக்கு முகம் தெரியவில்லை என்று அவரை டிரம்ஸிலிருந்து எழுப்பி முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். உலகம் இன்று பாடகி என்றுதான் அவரை நினைவு வைத்திருக்கிறது.

விரலில் வலு போதாது என்பது இன்னொரு வாதம். எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒருவருக்கும் கூச்சம் வர வேண்டும். பெண்ணின் விரல்தான் மென்மையும் வேகமும் உள்ளது என்று சொல்லித்தான் கொழுந்து பறிக்க எங்களை மலைச்சரிவில் நிறுத்தினார்கள். நாள் முழுக்கக் கிள்ளிக் கறையேறி வெடித்த அதே விரலுக்கு, கிடார் கம்பியைத் தொட்டால் மட்டும் வலித்துவிடுமாம்.

திறமை இருந்தால் வந்திருப்பார்களே என்பவர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்கிறார் என்றால் அந்த மேடையில் உட்கார மாட்டோம் என்று மறுத்த மிருதங்கக்காரர்கள் உண்டு. அவர் 1995-ல் 'ஸ்த்ரீ தாள் தரங்' என்று பெண்களை மட்டும் வைத்துத் தனிக்குழுவே அமைத்தார். நாகசுரம் வாசித்த மதுரை பொன்னுத்தாய்க்குக் கணவர் இறந்ததும் மங்கல வாத்தியம் விலக்காகிப்போனது. ஸ்ரீநகரில் பள்ளிச் சிறுமிகள் மூவர் 'பிரகாஷ்' என்ற ராக் குழுவாக 2012 டிசம்பரில் போட்டி மேடையேறினார்கள். மிரட்டலும் ஃபத்வாவும் வந்து 2013 பிப்ரவரியில் கலைந்துவிட்டார்கள். மூன்று மாதம்கூட நிறையவில்லை. பான்ஹமுக்கு எத்தனை வருடம் பழகக் கிடைத்தது?

என் மாணவி ஒருத்தியின் தாத்தா, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்தவர், தப்புக் கலைஞர். காமன் கூத்தில் ரதி வேடம்கூட ஆண்தான் கட்டுவார் என்னும்போது தப்பைப் பேத்தி கையில் யார் கொடுப்பது? அவள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அடித்துப் பழகினாள். கோயில் திருவிழாவில் அடிக்கிறேன் என்று கேட்டபோது கமிட்டியில் ஒருவர், "மாசத்துல மூணு நாள் என்ன செய்வே?" என்றாராம். சாவு வீட்டில் அடிக்கக் கேட்டபோது சொந்த அண்ணனே அடித்தான். அவனுக்கு அது சாதி கையில் திணித்த வாத்தியம், அந்த இழிவு தங்கச்சிக்கும் வேண்டாம் என்று நினைக்கிறான். அவன் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் கைநீட்டியதை மன்னிக்க மாட்டேன். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் அதே பறையைத் தங்கள் பெருமையாக்கிப் பல வருடங்களாக அடித்துவருகிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை.

சரி, என் குழு. கிடார், ரொசெட்டா தார்ப். எல்விஸுக்கு முன்பே மின்கிடாரை அதிரவைத்தவர். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-ல், இறந்து 45 வருடம் கழித்து. பேஸ், மோகினி டே. டிரம்ஸில் கேரன், யாரும் அவரை எழுப்பக் கூடாது. கடம் சுகன்யா, நாகசுரம் பொன்னுத்தாய், யாழ் மாதவி. தப்பு என் மாணவி. பாடுவதற்கு ஓர் ஆண் போதும். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பளிச்சென்று உடுத்திச் சிரித்த முகமாக வந்தால் சரி.

பட்டியலை அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்: "மேம், இந்த மழையில தோல் தொய்ஞ்சிடும். காய்ச்சாம அடிக்க முடியாது. விறகு யாரு கொண்டுவர்றது?"

பாடுகிறவன் கொண்டுவரட்டும் என்றேன்.